வளைவில் எங்கே நிற்பது?

சித்திரைப் புத்தாண்டு நெருங்குகிறது என்பதை நாட்காட்டியைப் பார்க்காமலே எனக்கு உணர்த்துபவை இரண்டு. ஒன்று, தோட்டத்துக் கடைகளில் கடன் கணக்குக் கொப்பிகள் தடிப்பது. மற்றது, “சேர், ரேஸ் படம் எடுக்கணும், என்ன செட்டிங் வைக்கிறது?” என்று யாராவது ஓர் இளைஞர் வந்து நிற்பது. இம்முறை வந்தவர் அக்கரப்பத்தனைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவர். வயது 19. கொழும்பில் புடைவைக் கடையொன்றில் வேலை. விடுமுறையில் லயத்துக்கு வந்திருந்தார். கையில் கமரா இல்லை. மாதத் தவணையில் வாங்கிய கைப்பேசி மட்டும் இருந்தது.

கேள்வி நியாயமானது. ஏப்ரல் மாதத்து நுவரெலியாவைப் போல வேகத்தைப் படம் பிடிக்க வாய்ப்புத் தரும் ஊர் இலங்கையில் வேறில்லை. 1870களில் ஆங்கிலேயத் துரைமார் தொடங்கிவைத்த குதிரைப் பந்தயம், 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி, நானுஓயாவுக்கு அருகே ரதல்லவில் நடைபெற்றுவந்துள்ள மலையேற்றப் போட்டி என்று வரிசையாகச் சொல்லலாம். துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காக ஏற்படுத்திக்கொண்டவை இவை. பிற்காலத்தில் வேலியோரத்தை நிறைத்த கூட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். லிந்துலை, தலவாக்கலை, நானுஓயா என்று பஸ் மாறி விடியற்காலையிலேயே போய் இடம்பிடிப்பவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்தான்.

அந்த இளைஞருக்கு நான் ‘செட்டிங்’ எதையும் உடனே சொல்லவில்லை. “தம்பி, எந்த இடத்தில் நிற்கப் போகிறீர்கள்?” என்று கேட்டேன். “வளைவில், சேர். அங்கதான் கார் நல்லாச் சறுக்கும்” என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத் திடலில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் நின்ற பகுதிக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் போட்டி அலுவலர்களும் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். 20க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் ஓய்ந்து ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நடந்த போட்டி அது. புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் குடும்பம் குடும்பமாகத் திரண்டிருந்தது. சம்பவம் நடந்த சில நிமிடங்களிலேயே அதன் காணொளிகள் நாடெங்கும் பரவின. அவற்றை நான் பலமுறை பார்த்தேன், தொழில் அப்படி. அவை தடத்தை ஒட்டி நின்றவர்களின் கைப்பேசிகள் பதிந்த காட்சிகள் என்பது அப்போது என்னை உறுத்தியது. இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, பந்தயத்தைப் படம் எடுக்கப் புறப்படும் புதியவருக்கான குறிப்புகளை ஷட்டர் வேகத்திலிருந்து தொடங்கும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தொலைவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்திரிகைக்காரர்களிடம் இருக்கும் 400 மி.மீ. வில்லையைக் கொண்டு 40 மீற்றர் தொலைவிலுள்ள காரை எடுத்தால் படத்தில் அது எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அதே அளவில் கைப்பேசியின் முதன்மை வில்லையால் எடுக்க எவ்வளவு நெருங்க வேண்டும்? அந்த வில்லை ஏறக்குறைய 25 மி.மீ.க்குச் சமமானது. பதினாறில் ஒரு பங்கு. அதாவது இரண்டரை மீற்றர். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் 25 மீற்றர் கடக்கும். இரண்டரை மீற்றரைக் கடக்க அதற்குச் செக்கனில் பத்தில் ஒரு பங்கு போதும். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதன் திடுக்கிட்டு ஓரடி எடுத்து வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதன் பொருள் என்ன? விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவர் மேட்டில் நின்று சாவகாசமாக எடுக்கிறார். தவணைக்கு வாங்கிய கைப்பேசி வைத்திருப்பவர் அதே படத்துக்கு ஆசைப்பட்டு உயிரைப் பணயம் வைக்கிறார். வசதியில்லாத பிள்ளைதான் ஆபத்துக்கு மிக அருகில் போய் நிற்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, வில்லையின் கணக்கு அப்படி அமைந்துவிட்டது. ஆனால் தெரிந்த பின்னும் சொல்லாமல் இருப்பது தவறு.

நான் மட்டும் ஞானத்தோடு பிறந்தவனல்லன். 1990களின் நடுப்பகுதியில் ஒரு மலையேற்றப் போட்டிக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் படித்து வெளியேறியவனுக்குத் திருப்பு விசையைப் பற்றி என்ன தெரியும்? வளைவின் வெளிப்பக்கத்தில், பள்ளத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றேன். கார் நேரே என்னை நோக்கி வருவதுபோல் தெரியும் இடம் அது. படத்துக்கு அதைவிடச் சிறந்த கோணம் இல்லை என்று பெருமையும் பட்டுக்கொண்டேன். செடிகளுக்குள் நின்றிருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்தார். ஓய்வுபெற்ற கங்காணி என்பது தலைப்பாகையிலேயே தெரிந்தது. “மேட்டுப் பக்கம் வாங்க தம்பி. இங்க நிக்காதீங்க. மழைக்கு லொறி சறுக்குனா இந்தப் பக்கந்தான் வந்து விழும், நான் எத்தன பாத்துருக்கேன்” என்றார். மனமில்லாமல்தான் ஏறினேன். மூன்றாவதோ நான்காவதோ வந்த கார் வளைவில் பிடியிழந்து, நான் நின்ற இடத்துக்குச் சில முழம் தள்ளியிருந்த கானில் மூக்கைக் குத்தி நின்றது. ஓட்டுநருக்குக் காயமில்லை. நான் அந்தப் படத்தை எடுக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்ததே அடிப்படை. சக்கரத்தின் பிடி தளர்ந்த வாகனம், தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகப் பார்க்கும். ஆகவே வளைவின் வெளிப்பக்கமும், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்துக்கு நேரெதிரும் எவருக்கும் உரிய இடங்களல்ல. அதற்காக உட்பக்கம் முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். பின்சக்கரம் வழுக்கிச் சுழன்ற கார் எந்தப் பக்கமும் திரும்பும். தடத்துக்கு மேலே, உயரத்தில், தடுப்புக்குப் பின்னால், பின்வாங்க வழியுள்ள இடத்தில் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கூட்டம் நெருக்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தடத்துக்கு முதுகைக் காட்டித் தம்படம் எடுக்காதீர்கள். ஒரு கார் கவிழ்ந்தால் அதை நோக்கி ஓடாதீர்கள். பல கார்கள் ஒன்றாக ஓடும் பந்தயத்தில் அடுத்தது எங்கே வருகிறதென்று உங்களுக்குத் தெரியாது. கண்ணைக் கமராவில் வைத்திருக்கும்போது உங்களுக்காகத் தடத்தைப் பார்க்க ஒரு நண்பர் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி அந்த ‘செட்டிங்’ விடயத்துக்கு வருவோம்.

தொடங்குபவருக்கு மலையேற்றப் போட்டியைப் போல வாய்த்த பள்ளிக்கூடம் கிடையாது. கார்கள் கூட்டமாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகக் கடிகாரத்துக்கு எதிராக ஏறும். ஒரே வளைவு, ஒரே ஒளி, திரும்பத் திரும்ப ஒரே கோடு. முதல் பத்துக் கார்களைப் படம் எடுக்காமல் வெறுமனே பாருங்கள். எந்த இடத்தில் எல்லா ஓட்டுநரும் தடுப்பை அழுத்துகிறார்கள், எந்த இடத்தில் காரின் உடல் சாய்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் புள்ளியில் தெரியும் ஒரு கல்லிலோ, தாரில் உள்ள கீறலிலோ முன்கூட்டியே ஃபோகஸ் செய்து காத்திருங்கள். தானியங்கி ஃபோகஸ் இல்லாத காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எடுத்தோம். இன்றும் மலிவான கருவியின் குறையை மறைக்க அதுவே வழி.

ஷட்டரைப் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. வேகமான பொருள் என்றால் மிக வேகமான ஷட்டர் என்று நினைக்கிறார்கள். 1/1000 செக்கனில் எடுத்தால் 90 கிலோமீற்றர் வேகத்துக் கார் இரண்டரை சென்ரிமீற்றர்தான் நகர்ந்திருக்கும். சக்கரத்தின் கம்பிகள் எண்ணக்கூடியபடி உறைந்து நிற்கும். விளைவு? யாரோ நடுவீதியில் நிறுத்திவிட்டுப் போன காரைப் போல ஒரு படம். வேகம் தெரிய வேண்டுமானால் சக்கரமும் பின்னணியும் கலைய வேண்டும், கார் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். அதற்குக் காரோடு சேர்ந்து கமராவையும் திருப்ப வேண்டும். பேனிங் என்பார்கள். கால்களைக் கார் வந்து சேரும் புள்ளியை நோக்கி ஊன்றிக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் காரை எதிர்கொள்ளத் திரும்பி, அது தூரத்தில் வரும்போதே பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் கூடவே சுழன்று, எதிரே வரும்போது மெதுவாக அழுத்தி, அழுத்திய பின்னும் சுழற்சியை நிறுத்தாமல் தொடர வேண்டும். பெரும்பாலானோர் அழுத்தியவுடன் நின்றுவிடுகிறார்கள். படம் கெடுவது அங்கேதான். 1/250இல் தொடங்கி, கை பழகியபின் 1/125, பிறகு 1/60 என்று இறங்கலாம். 1/60இல் நூறு எடுத்தால் ஐந்து தேறினால் போதும். 36 படச்சுருளில் பாதியை அமைச்சரின் கூட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் பந்தயத்தை எடுத்த எங்களுக்கு அந்த நூறு கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது; தாராளமாக வீணாக்குங்கள்.

இதைப் பழகப் பந்தயம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அக்கரப்பத்தனையிலிருந்து லிந்துலைக்குப் போகும் வீதியில் மேட்டுப் பாங்கான இடமொன்றில் ஒரு வாரம் நில்லுங்கள். பஸ்ஸும் ஓட்டோவும் கொழுந்து லொறியும் போதும்.

கைப்பேசியில் இன்னொரு விசித்திரம் உண்டு. அதன் உணரி படத்தை வரிவரியாகப் பதிகிறது. ஆகவே குறுக்கே விரையும் கார் சாய்ந்ததுபோல் பதியும். அதைக் கண்டு மனமுடைய வேண்டியதில்லை. 1910களில் பிரான்ஸில் ஜாக் ஆன்றி லார்த்திக் என்ற இளைஞர் ஒரு கார்ப் பந்தயத்தை எடுத்தபோது, அவருடைய கமராவின் ஷட்டர் பிளவு மெதுவாக நகர்ந்ததால் சக்கரம் முட்டை வடிவில் முன்னே சாய்ந்தது. வேலியோரம் நின்றவர்கள் பின்னே சாய்ந்தார்கள். தோல்வி என்று அவர் ஒதுக்கிவைத்த படம் அது. 1963இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்த பின், வேகத்தைப் பற்றிய படங்களில் மிகப் புகழ்பெற்றதாக அதுவே ஆகிவிட்டது.

குதிரை வேறு சாதி. அது உயிருள்ளது, மிரளக்கூடியது. ஃபிளாஷ் கூடவே கூடாது. குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்று உண்டா என்ற பழைய வாதத்துக்கு 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கமராக்களை வரிசையாக வைத்து விடை கண்டார். உண்டு, ஆனால் ஓவியர்கள் தீட்டியதுபோல் கால்கள் முன்னும் பின்னும் விரிந்திருக்கும்போதல்ல, வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும்போது. அந்தக் கணம் வேண்டுமானால் 1/1000 தேவை. எனக்கோ முடிவுக் கோட்டைவிடப் பந்தயத்துக்கு முந்திய அரைமணி நேரமே பிடிக்கும். குதிரையின் கழுத்தைத் தடவி அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும் பராமரிப்பாளர், எடைபார்க்க நிற்கும் ஒல்லியான ஜொக்கி, இவர்களை யாரும் எடுப்பதில்லை.

நம் மலையின் வானிலையையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் காலை தெளிவாக இருந்தாலும் பின்னேரம் மழையோ மூடுபனியோ இறங்கிவிடும். நல்ல படங்களைப் பகலுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மூடுபனியைக் கண்ட கமரா அந்த வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒளி அளவை ஒரு படி கூட்டிவையுங்கள். மழைக்கு விலையுயர்ந்த உறை தேவையில்லை. கொழுந்தெடுக்கும் நம் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கினால் கமராவுக்குப் போதும். குளிரிலிருந்து அடுப்படிச் சூட்டுக்குள் வந்தவுடன் கமராவை வெளியே எடுக்க வேண்டாம். வில்லையில் ஆவி படியும்.

சரி, கைப்பேசி மட்டுமே இருக்கும் பிள்ளை என்ன செய்வது? காரை விட்டுவிடுங்கள் என்பேன். இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. அகலமான வில்லை மனிதர்களுக்காகவே அமைந்தது. கார் கடக்கும் கணத்தில் தடத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள். காதைப் பொத்தும் கிழவி, தகப்பன் தோளில் இருந்து எம்பும் குழந்தை, எஞ்சினுக்குள் தலையை விட்டிருக்கும் மெக்கானிக், தடுப்புக்கு அப்பால் கடலை விற்கும் பையன். 40 மீற்றர் பின்னால் நின்றே இவற்றை எடுக்கலாம். எடுத்தால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காரென்றால் அதன் இலக்கம், பிரிவு, ஓட்டுநர் பெயர். பெயரில்லாத படத்தைப் பத்திரிகை பாவிக்காது, பாவிக்கவும் கூடாது.

பத்திரிகை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘இன்னும் கிட்டப் போயிருக்கலாமே’ என்ற வாசகத்தைச் செய்தி மேசைகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். படம் நன்றாக வரவில்லையென்றால் நெருங்கியது போதவில்லை என்ற பொருளில் ரொபர்ட் காப்பா சொன்னதாக வழங்கும் ஒரு கூற்று எங்கள் தொழிலில் வேதவாக்கு. காப்பா போர்க்களப் படப்பிடிப்பாளர். 1954இல் இந்தோசீனாவில் கண்ணிவெடியை மிதித்து மாண்டார். அந்த வாக்கை ஒரு விடுமுறைக் கேளிக்கைக்குக் கொண்டுவந்து, மாதச் சம்பளம்கூட இல்லாத பிரதேச நிருபரிடமும், முகநூலுக்குப் படம் எடுக்கும் பள்ளிப் பிள்ளையிடமும் நாம் ஒப்புவிக்கிறோம். வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்த படம் என்று தெரிந்தால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைப் பிரசுரிக்க மாட்டோம் என்று ஆசிரிய பீடங்கள் அறிவிக்கட்டும். ஆசை பாதியாகக் குறையும்.

போட்டி அமைப்பாளர்களிடமும் ஒரு கோரிக்கை. ஊடக அட்டை உள்ளவருக்கு ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. அட்டையில்லாத இந்த இளைஞர்களுக்கும் உயரமான ஓரிடத்தை அடைத்துக் கொடுங்கள். முதல்நாள் அரைமணி நேரம் கொடிகளின் பொருளையும் நிற்கும் முறையையும் சொல்லிக்கொடுத்து, அடையாள மேலங்கி கொடுத்து அனுப்புங்கள். பெரிய செலவில்லை. 1955இல் பிரான்ஸின் லு மான் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து 80க்கும் அதிகமானோர் மாண்டனர். அந்தப் பந்தயம் இன்றும் நடக்கிறது. தடமும் மாறியது, பார்வையாளர் நிற்கும் இடமும் மாறியது. பந்தயத்தை நிறுத்துங்கள் என்று கேட்பவன் அல்லன் நான். நெருங்கி நின்றால்தான் அனுபவம் என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அவர்கள் தியத்தலாவைக் காணொளிகளை ஒருமுறை ஒலியோடு பார்க்கட்டும்.

நமது இளைஞர் ஒரு வாரம் வீதியோர மேட்டில் நின்று பழகிவிட்டு, நேற்று மாலை படங்களை அனுப்பியிருந்தார். பேனிங் சரிவரவில்லை. பெரும்பாலானவற்றில் பஸ் வெறும் வண்ணக் கோடுதான். ஒன்றில் மட்டும் அந்தக் கோட்டுக்கு முன்னால், வீதியோரத்தில், கையைப் பாதி உயர்த்தியபடி ஒரு பாட்டி தெளிவாக நிற்கிறார். காலடியில் ஒரு பை. மருந்துச் சீட்டு போல ஏதோ கையில்.

தொலைபேசியில் அழைத்து, “பஸ் நிற்கவில்லையா?” என்று கேட்டேன்.

“நிக்கல சேர். பிறகு ஒன்றர மணித்தியாலமா வேற பஸ்ஸும் வரல. நானும் நின்னுகிட்டுத்தான் இருந்தேன்.”

“பெயர் கேட்டீர்களா?”

கேட்கவில்லையாம். எந்த லயம் என்று தெரியுமாம். நாளைக் காலை போய்க் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.